ஒரு ரூபாய்ச் சோதனையும் 699 ரூபாய்ப் பிடித்தமும்: நிறுத்துவது எப்படி, திரும்பப் பெறுவது எப்படி?

கேள்வி: ஜாதகம் பார்க்கும் செயலி ஒன்றில் 'ஏழு நாள் சோதனை, ஒரு ரூபாய் மட்டும்' என்று இருந்ததைப் பார்த்து என் அப்பா யூபிஐ வழியாக ஒரு ரூபாய் கட்டினார். எட்டாம் நாள் 699 ரூபாய் போய்விட்டது. உடனே செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினோம். அப்படியும் நான்கு நாளுக்கு முன் இன்னொரு 699 ரூபாய் போயிருக்கிறது. இதே சமயத்தில் என் தங்கை, பயோடேட்டா தயாரித்துத் தரும் வெளிநாட்டுத் தளம் ஒன்றில் 14 நாள் சோதனைக்காகக் கிரெடிட் கார்டில் 1.95 டாலர் கட்டினாள். 14 நாள் முடிந்ததும் 25.95 டாலர், அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதே தொகை. இரண்டாம் முறை பிடித்ததும் ரத்து செய்யச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பினாள், பதில் இல்லை. நேற்று மூன்றாம் முறையும் பிடித்துவிட்டார்கள். வங்கியில் கேட்டால் 'நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்கள்' என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி உண்டு. ஆனால் அப்பாவுக்கான வழி வேறு, தங்கைக்கான வழி வேறு. இரண்டையும் ஒரே புகாராக எழுதினால் இரண்டும் கெட்டுவிடும். நான் ஒரு வங்கியின் கார்டு பிரிவில், வாடிக்கையாளர்கள் மறுத்துரைக்கும் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் மேசையில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். இந்த மாதிரியான புகார்களில் பாதிக்கு மேல் தோற்றுப்போனது விதி இல்லாததால் அல்ல, புகாரின் முதல் வரியால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். 'இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை' என்று எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் பதிவைத் திறந்தால், இன்ன தேதி இன்ன நேரத்தில் வாடிக்கையாளரே பின் போட்டது கண்ணெதிரே இருக்கும். 'வாடிக்கையாளரின் ஒப்புதலுடன் நடந்தது' என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடிவிடுவோம். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஒரு ரூபாய்க்குத்தான் ஒப்புக்கொண்டோம் என்று அவர் மனதார நம்புகிறார். ஆனால் அவர் எழுதியது வேறொரு வழக்கு. அட்டையோ பின்னோ திருடுபோனவர்கள் எழுத வேண்டிய வழக்கு அது.

உங்கள் அப்பா எழுத வேண்டியது இது: ஒரு ரூபாய்க்கு நான் சம்மதித்தேன், 699 ரூபாய்க்கும் தொடர் பிடித்தத்துக்கும் சம்மதிக்கவில்லை, அந்த ஒப்புதல் என்னிடமிருந்து மறைத்துப் பெறப்பட்டது. தங்கை எழுத வேண்டியது இது: நான் ரத்து செய்துவிட்டேன், அதன் பிறகும் பிடித்தார்கள். இந்த இரு வாக்கியங்களுக்கும் தனித்தனி விதிகள் இருக்கின்றன.

முதல் வேலை, பணம் மேலும் போகாமல் நிறுத்துவது. செயலியை நீக்கியதால் எதுவும் நிற்காது. செயலி என்பது கைபேசியில் இருக்கும் ஒரு கடை முகப்பு மட்டுமே. பணம் எடுக்கும் உரிமை உங்கள் வங்கிக்கும் அந்த நிறுவனத்தின் வங்கிக்கும் இடையில் மேண்டேட் என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. 2020 ஜூலையில் தேசியப் பணம் செலுத்தல் கழகம் யூபிஐயில் ஆட்டோபே என்ற தானியங்கிப் பிடித்த வசதியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, ஒரு முறை பின் போட்டு இந்த மேண்டேட்டைப் பதிந்துவிட்டால், பிறகு ஒவ்வொரு பிடித்தத்துக்கும் மீண்டும் பின் கேட்கப்படுவதில்லை. பின் இல்லாமல் பிடிக்கும் உச்சவரம்பு 2022 ஜூன் முதல், பொதுவான வகைகளுக்கு, 15,000 ரூபாய்.

அப்பாவின் கைபேசியை வாங்கி, எந்த யூபிஐ செயலியில் பின் போட்டாரோ அதைத் திறந்து, அவருடைய படத்தைத் தொட்டு உள்ளே போனால் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' என்ற பகுதி இருக்கும். அங்கே அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். விஷயம் முழுவதும் அந்த ஒரு திரையில் இருக்கிறது: உதாரணமாக '999 ரூபாய் வரை', 'மாதந்தோறும்', முடிவுத் தேதியாகப் பல ஆண்டுகள் தள்ளிய ஏதோ ஒரு நாள். அன்று அப்பா பின் போட்ட திரையிலும் இவையெல்லாம் இருந்திருக்கும். மேலே பெரிய எழுத்தில் ஒரு ரூபாய், கீழே சாம்பல் நிறச் சிறிய எழுத்தில் மற்றவை; மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்கும் அளவுக்கு ஒரு ரூபாய் யாரையும் எச்சரிப்பதில்லை. தொகையை ஒரு ரூபாயாக வைத்ததன் நோக்கமே அதுதான் என்பது என் கருத்து. முழுக்க இலவசம் என்றால் பின் எதற்கு என்ற கேள்வி வரும்; நூறு ரூபாய் என்றால் ஆள் யோசிப்பார்.

அந்தத் திரையை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு ரத்து செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் ரத்து செய்த பின் சில செயலிகளில் விவரங்கள் சுருங்கிவிடும். யூ.எம்.என். என்று ஒரு தனி எண் இருக்கும்; அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ரத்து செய்ய மறுபடி பின் கேட்கும், போடலாம். ரத்தானதற்கான எஸ்எம்எஸ் வந்தால் அதை அழிக்க வேண்டாம். கணக்கைக் காலியாக வைத்துத் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். இருப்பு இல்லையென்றால் பிடித்தம் மறுபடி முயலப்படும், ஓய்வூதியம் வந்து விழும் நாளில் அது பலித்துவிடும்.

சந்தாவைக் கூகுள் பிளே அல்லது ஆப்பிள் கணக்கு வழியாக எடுத்திருந்தால் அங்கும் தனியாக ரத்து செய்ய வேண்டும். இவ்விரு இடங்களிலும் செயலியை நீக்குவது சந்தாவை நீக்குவதாகாது. கூகுள் பிளேயில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் ரீஃபண்டை அங்கேயே கேட்கலாம். அதற்குப் பின் செயலியை உருவாக்கியவரை அணுகச் சொல்வார்கள். ஆப்பிளில் சோதனைக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்திருக்க வேண்டும். முடியும் நாளன்று காலையில் ரத்து செய்துவிட்டு, பணம் போய்விட்டது என்று வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அப்பாவின் 1,398 ரூபாய். ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் 21 அன்று கார்டுகளில் தொடர் பிடித்தத்துக்கான நெறிமுறையை வெளியிட்டு, 2020 ஜனவரியில் அதை யூபிஐக்கும் விரித்தது. 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதில் மிகவும் பயனுள்ள விதி, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும் என்பது. நிறுவனத்தின் பெயர், தொகை, பிடிக்கும் நாள், காரணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பிடித்தத்தையோ மேண்டேட்டையோ விலக்கிக்கொள்ள வழியும் தரப்பட வேண்டும். அப்பாவின் எஸ்எம்எஸ் பெட்டியிலும், யூபிஐ செயலியின் அறிவிப்புகளிலும், மின்னஞ்சலிலும் அந்த இரு நாள்களுக்கு முந்தைய நாளைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அறிவிப்பு வந்திருக்கும். நகைக்கடைத் தள்ளுபடிக்கும் லோன் விளம்பரத்துக்கும் நடுவில் ஒளிந்திருக்கும். வராமல் இருந்தால் அது விதிமீறல். புகாரில் இரண்டாம் வரியாக அதைத்தான் எழுத வேண்டும். வந்திருந்தால் அதைப் பற்றிப் பேசாதீர்கள்; வரவில்லை என்று எழுதிவிடவும் வேண்டாம். அனுப்பியதற்கான பதிவு அவர்களிடம் இருக்கும், ஒரு பொய் பிடிபட்டால் மற்ற உண்மைகளும் மதிப்பிழக்கும்.

வங்கியில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. அங்கீகாரமில்லாத மின்னணுப் பரிவர்த்தனையில், தவறு வங்கியிலும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருக்குமானால், செய்தி கிடைத்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு எதுவும் இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து ஓர் உச்சவரம்புக்குள் இழப்பு. அதற்கு மேல் தாமதித்தால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி என்று அது வகுத்தது. தெரிவித்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்றும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும் என்றும், வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்றும் அதில் இருந்தது.

இது உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா என்பதில்தான் சிக்கல். மேண்டேட்டின் உச்சவரம்பைத் தாண்டிப் பிடித்தாலோ, ரத்து செய்த பிறகு பிடித்தாலோ, மாதம் ஒன்று என்பதற்கு இரண்டாகப் பிடித்தாலோ சந்தேகமே இல்லாமல் அங்கீகாரமில்லாதது என்று சொல்லிவிடலாம். இங்கே அந்தத் திரையில் 999 ரூபாய் வரை என்பது போல இருந்தால், 699 அந்த வரம்புக்குள்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் வங்கி மறுக்கக்கூடும். மறுத்தால் அதைப் பெரிய அநியாயம் என்று நானே சொல்ல மாட்டேன். ஆயினும் புகாரை இன்றே பதிவு செய்யுங்கள். இரண்டாவது பிடித்தம் நடந்து நான்கு நாள் என்கிறீர்கள். நடுவில் ஒரு ஞாயிறு வந்திருந்தால் இன்றுதான் மூன்றாம் வேலை நாள். யூபிஐ செயலியிலேயே அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு உதவி கோரும் வசதி இருக்கிறது. அங்கே ஒன்று, வங்கியின் மின்னஞ்சலுக்கு ஒன்று என இரண்டு இடங்களிலும் பதிந்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கிளையில் வாய்மொழியாகச் சொன்னதைப் புகாராகக் கொள்ளாதீர்கள். மேசைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவன் சொல்கிறேன், அது காற்றோடு போய்விடும்.

அப்பாவின் உண்மையான பலம் வங்கி விதியில் அல்ல, நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று, வாங்குபவரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளுக்கு எதிரான வழிகாட்டு விதிகளை அறிவித்தது. டார்க் பேட்டர்ன் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். அதன் இணைப்பில் 13 வகை வடிவமைப்புகள் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதை முடியாததாகவோ நீண்ட சிக்கலான வேலையாகவோ ஆக்குவது, ரத்து செய்யும் இடத்தை மறைத்து வைப்பது, ரத்து பற்றிய குறிப்புகளைக் குழப்பமாகத் தருவது ஆகியவற்றோடு, இலவசச் சந்தாவைப் பெறுவதற்காகப் பணம் செலுத்தும் விவரங்களையோ தானியங்கிப் பிடித்தத்துக்கான ஒப்புதலையோ கட்டாயப்படுத்திக் கேட்பதும் சந்தாப் பொறியே என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் அப்பாவுக்கு நடந்ததை யாரோ அருகிலிருந்து பார்த்து எழுதியது போல இருக்கிறது. 'இது இலவசம் அல்ல, ஒரு ரூபாய் வாங்கினோமே' என்று நிறுவனம் வாதாடலாம். ஒரு ரூபாய் சேவைக்கான விலை அல்ல, மேண்டேட்டைப் பதிவதற்கான சாக்கு என்பதுதான் அதற்கு மறுமொழி.

இந்த விதிகள் இந்தியாவில் தொடர்ச்சியாகப் பொருளோ சேவையோ வழங்கும் எல்லாத் தளங்களுக்கும் பொருந்தும். எனவே முதலில் நிறுவனத்துக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். கீழ்க்கண்டவாறு எழுதினால் போதும்.

'இன்ன தேதியில் ஒரு ரூபாய்ச் சோதனைக்காக மட்டும் பணம் செலுத்தினேன். அப்போது 699 ரூபாய்த் தொடர் பிடித்தம் எனக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்படவில்லை. இன்ன இன்ன தேதிகளில் மொத்தம் 1,398 ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. சேவையை நான் பயன்படுத்தவில்லை. மேண்டேட்டை இன்று ரத்து செய்துவிட்டேன். இது 2023ஆம் ஆண்டு வழிகாட்டு விதிகளில் கூறப்பட்ட சந்தாப் பொறியாகும். ஏழு நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். தவறினால் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் மாவட்ட ஆணையத்திலும் முறையிடுவேன்.'

சேவையைப் பயன்படுத்தவில்லை என்ற வரி உண்மையானால் மட்டும் இருக்கட்டும். அப்பா அந்த ஏழு நாளில் தினமும் ராசிபலன் பார்த்திருந்தால் அந்த வரியை 'சோதனைக் காலத்துக்குப் பின் பயன்படுத்தவில்லை' என்று மாற்றிவிடுங்கள். உள்ளே நுழைந்த நேரமெல்லாம் அவர்களிடம் பதிவாகியிருக்கும்.

ஏழு நாள் கழித்தும் பதில் இல்லையென்றால் 1915 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி மையம் அது, தமிழில் பேசலாம். இது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்திடம் உங்கள் புகாரைக் கொண்டுசேர்த்துப் பதில் கேட்கும் இடம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், பிணக்கு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1,398 ரூபாய்க்கு வழக்கா என்று நீங்கள் தயங்கலாம். எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு, அதனால்தான் அதைக் கடைசிப் படியாகச் சொல்கிறேன். ஆனால் இந்த வணிகமே அந்தத் தயக்கத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. 699 என்பது கோபம் வரும் தொகை, அலைந்து திரிய மனம் வராத தொகை.

இது பெயர் தெரியாத சிறு நிறுவனங்களின் வேலை மட்டும் என்று எண்ண வேண்டாம். அமேசான் தன் பிரைம் சந்தாவில் மக்களைத் தெளிவான சம்மதம் இல்லாமல் சேர்த்ததாகவும் விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் வழக்குத் தொடுத்தது. 2025 செப்டம்பரில் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 250 கோடி டாலருக்கு அந்நிறுவனம் சமரசம் செய்துகொண்டது, அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. அதற்கும் வெகு முன்பே, 2011இல், அசாயி பெர்ரி மாத்திரையையும் பல் வெளுப்பானையும் இலவசச் சோதனை என்று விற்ற ஜெஸ்ஸி வில்ம்ஸ் என்பவர் மீது அதே ஆணையம் வழக்குப் போட்டது. கைபேசி மாறியிருக்கிறது, சரக்கு மாறியிருக்கிறது, உத்தி அப்படியே இருக்கிறது.

இனி தங்கை. அவளுடைய வழக்கு அப்பாவுடையதைவிட வலுவானது, ஏனென்றால் அவள் கட்டியது கிரெடிட் கார்டில். தவிர, ரத்து செய்யச் சொன்ன மின்னஞ்சல் கையில் இருக்கிறது. முதலில் ஒரு சிறு கணக்கு. நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பது மாதம் ஒரு முறை அல்ல. ஆண்டுக்கு 12 பிடித்தம் அல்ல, 13. அந்தத் தளம் சொல்லாமல் சேர்த்துக்கொண்ட பதின்மூன்றாவது மாதம் அது.

ஓடிபி கேட்காமல் எப்படிப் பிடித்தார்கள் என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். இந்திய வணிகர்கள் இணையத்தில் கார்டு வழியாகப் பணம் எடுக்க ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்புக் கட்டாயம். வெளிநாட்டு வணிகர்கள் பலர் அட்டை எண், காலாவதித் தேதி, பின்புறமுள்ள மூன்று இலக்கம் ஆகியவற்றை வைத்தே பழகியவர்கள்; தொடர் பிடித்தத்தைத் தொடர் பிடித்தம் என்று அடையாளப்படுத்தாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று வாங்கியது போல அனுப்பிவிடுவதும் உண்டு. அப்போது 24 மணி நேர முன்னறிவிப்பும் வராது, மேண்டேட் பட்டியலிலும் எதுவும் தெரியாது. ஆகவே அவள் செய்ய வேண்டிய முதல் வேலை, வங்கியின் கைபேசிச் செயலியில் அந்தக் கார்டின் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை அணைத்து வைப்பது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவின்படி ஒவ்வொரு கார்டுக்கும் இந்த வசதி தரப்பட்டாக வேண்டும். தேவைப்படும் அன்று திறந்து, வாங்கி முடித்ததும் மூடிவிடலாம். நான் என் கார்டை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கார்டைத் தடுத்துப் புதியது வாங்கினால் போதும் என்று வங்கியிலேயே சொல்வார்கள். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும், பழைய அட்டைக்குப் பதில் புதிய அட்டை வந்தால் அந்த விவரத்தைப் பதிவு செய்த வணிகருக்குத் தெரிவிக்கும் புதுப்பிப்புச் சேவை இருக்கிறது. நல்ல எண்ணத்தில் ஏற்பட்டதுதான். ஆனால் விட்டொழிக்க நினைத்த சந்தாவும் புதிய எண்ணைத் தேடிக்கொண்டு வந்துவிடக்கூடும்.

அடுத்தது சார்ஜ்பேக். வங்கியில் 'கார்டு டிஸ்பியூட் படிவம்' என்று கேளுங்கள். உங்கள் வங்கி கார்டு வலைப்பின்னல் வழியாக வணிகரின் வங்கியிடம் பணத்தைத் திருப்பிக் கேட்பதுதான் இது. சட்டம் அல்ல, விசாவும் மாஸ்டர்கார்டும் தம் உறுப்பினர்களுக்கு விதித்திருக்கும் ஒழுங்கு. பெரும்பாலான காரணங்களுக்கு 120 நாள் அவகாசம். காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தங்கையின் மூன்றாவது பிடித்தம், ரத்து செய்த பின் நடந்தது. விசாவில் அது 13.2 என்ற வகை, 'ரத்தான தொடர் பிடித்தம்'. மின்னஞ்சலின் நகல், அனுப்பிய தேதி தெரியும்படி, போதுமான சான்று. முதல் இரண்டு பிடித்தங்கள் ரத்துக்கு முந்தியவை. அவற்றை அந்த வகையில் சேர்த்தால் நிராகரிக்கப்படும், அந்த நிராகரிப்பு மூன்றாவதையும் இழுத்துச் செல்லும். அவை இரண்டையும் தனிப் படிவத்தில், 13.5 என்ற 'தவறாகச் சித்தரித்தல்' வகையில் கேட்க வேண்டும்.

அதற்கு ஒரு நல்ல பிடி இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல், சோதனைக் காலத்துடன் சந்தா விற்கும் வணிகர்களுக்கு விசா சில கடமைகளை விதித்திருக்கிறது. சேரும்போதே விதிமுறைகளை மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அனுப்பி வைக்க வேண்டும். சோதனை முடிந்து முதல் பிடித்தம் நடப்பதற்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு, ரத்து செய்யும் இணைப்புடன் நினைவூட்டல் அனுப்ப வேண்டும். இணையத்திலேயே எளிதாக ரத்து செய்யும் வழி இருக்க வேண்டும். 14 நாள் சோதனையில் ஏழாம் நாளுக்குள் நினைவூட்டல் வந்ததா என்று தங்கை தன் மின்னஞ்சலில், ஸ்பேம் பெட்டி உட்பட, தேடிப் பார்க்கட்டும். வரவில்லையென்றால் அதையே படிவத்தின் முதல் வரியாக எழுதட்டும். கார்டு விசாவா என்பதை முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர்கார்டில் இந்த எண்கள் பொருந்தாது, காரணத்தைச் சொற்களிலேயே எழுதலாம்.

கிளை அலுவலருக்கு இந்த வகை எண்கள் தெரியாமல் இருக்கலாம். அது அவர் குற்றம் அல்ல, இந்த வேலை தனிப் பிரிவில் நடக்கிறது. 'ஃபிராடு' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிடுங்கள், வேலை சுலபமாகும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 1.95 டாலரை அவளே கட்டியிருக்கிறாள் என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தற்காலிக வரவு வந்தாலும் செலவழித்துவிட வேண்டாம். வணிகர் எதிர்வாதம் வைத்து வென்றால் அது திரும்ப எடுக்கப்படும். பில் தேதி வந்தால் முழுத் தொகையையும் கட்டிவிடுவதே நல்லது. தகராறில் இருக்கிறது என்று கட்டாமல் விட்டு, தாமதக் கட்டணமும் கடன் மதிப்பெண் சரிவும் வந்தால் 25.95 டாலரைவிட அது பெரிய நஷ்டம். டாலர் தொகை திரும்பும்போது ரூபாய்க் கணக்கில் சற்றுக் குறைந்து வரலாம், மாற்று விகிதமும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் அதற்குக் காரணம்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்கு அஞ்சலிலும் அனுப்பலாம், எந்த மொழியிலும் எழுதலாம், ஆகவே தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் ஒன்று: குறைதீர்ப்பாளர் விசாரிப்பது வங்கியை, செயலி நிறுவனத்தை அல்ல. 'செயலி ஏமாற்றிவிட்டது' என்று எழுதினால் ஏற்க மாட்டார்கள். முன்னறிவிப்பு அனுப்பப்படவில்லை, சார்ஜ்பேக் தொடுக்க வங்கி மறுத்தது, படிவத்தைத் தவறான வகையில் பதிந்தது என்று வங்கியின் குறையைச் சொல்ல வேண்டும்.

1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு இப்போது அழைக்க வேண்டியதில்லை. போலித் தளம், திருடப்பட்ட ஓடிபி, கைபேசியைத் தொலைவிலிருந்து இயக்கிய ஆள் என்றால் உடனே அங்கேதான் போக வேண்டும். சந்தாத் தகராறு அந்த வகை அல்ல. ஆனால் நீங்கள் அந்த எண்ணை அழைக்கும் நிலைக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத் தேடலில் எடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் 499 ரூபாயைத் திரும்பப் பெறுவதற்காகத் தேடலில் முதலில் வந்த எண்ணை அழைத்தார். எதிர்முனையில் மிக மரியாதையாகப் பேசிய ஒருவர், ரீஃபண்ட் வருவதற்கு யூபிஐ பின்னைப் போடச் சொன்னார். 18,000 ரூபாய் போயிற்று. பணம் பெறுவதற்குப் பின் தேவையில்லை. அப்பாவிடம் இதை நீங்கள் சொல்வதைவிட, அவரையே உங்களிடம் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்பாவின் ஆட்டோபே பட்டியலைத் திறக்கும்போது இந்த ஒன்று மட்டும் இருக்காது. நான்கைந்து இருக்கும், சில அவருக்கே நினைவில்லாதவை. வேகத்தில் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடாதீர்கள். காப்பீட்டுப் பிரீமியமோ கடன் தவணையோ அவற்றில் இருந்தால், அது நின்றுபோனதை அடுத்த மாதம் அபராதத்தோடு தெரிந்துகொள்வீர்கள். ஒவ்வொன்றாக அவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தேதிகளை நான் கணக்கிட்டுப் பார்த்தேன். தங்கையின் முதல் 25.95 டாலர் போய் இன்றோடு 57 நாள் ஆகிறது. 120 நாளில் இன்னும் 63 நாள் மீதம் இருக்கிறது, இருந்தாலும் படிவத்தை இந்த வாரமே கொடுத்துவிடட்டும். நேற்றைய பிடித்தத்துக்கு மூன்று வேலை நாள் கணக்கும் இன்றுதான் தொடங்குகிறது. அப்பாவுக்கு, நடுவில் ஞாயிறு வந்திருந்தால், அந்தக் கணக்கு இன்றோடு முடிகிறது. எனவே இதைப் படித்து முடித்ததும் முதலில் அவருடைய கைபேசியை எடுங்கள்.